ரயில் ஜன்னலில் வந்த ஜாக்கெட்டுகள்

தம்பி மகள் கோயம்புத்தூரில் உடை வடிவமைப்பு படிக்கிறாள். போன வாரம் லீவுக்கு வந்தவள், கட்டிலில் என் பக்கத்தில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்லக் கூடாது, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு கழுத்து, ஒரு கை, ஒரு கொசுவம், யாரோ ஒரு வெள்ளைக்காரியின் முதுகு என்று ஒவ்வொன்றாக மேலே ஓடிக்கொண்டிருந்தன. பிடித்த படத்தில் ஒரு தட்டுத் தட்டினால் அது போய்த் தனியாக ஓரிடத்தில் சேர்ந்துகொள்ளுமாம்.

"இப்படிச் சேத்து என்ன செய்யப் போற?" என்று கேட்டேன்.

"டிரஸ் படம் வரையணும்ல அத்தை. அதுக்கு முன்னாடி கண்ணுல பட்டதையெல்லாம் சேத்து வச்சுக்கணும். மனசுல ஊறணும்னு எங்க மேடம் சொல்லுவாங்க" என்றாள். பிறகு, பேச்சுக்கு ஒரு பேச்சாக, "நீங்க தையக்கடையில இருந்தீங்கள்ல? அப்ப டிசைனெல்லாம் எங்க இருந்து எடுத்தீங்க?" என்றாள்.

"ரயில்ல இருந்து" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

சிரித்து வைத்தேன் என்பதுதான் சரியான வார்த்தை. ரொம்ப வருஷமாகவே எனக்கு எல்லாம் அப்படித்தான். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருக்கும். சம்மணம் போட்டு நெடுநேரம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டிவிட்டு எழுந்தால் கால் மரத்துப்போயிருக்குமே, கால் இருக்கும், நம் கால் என்று தெரியாது, அந்த மாதிரி. இதைப் படித்துவிட்டு எனக்கு என்னவோ ஏதோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சீரியல் பார்க்கிறேன். தம்பி மகள் கேட்டதற்குப் பதில் கொஞ்சம் நீளம், அவளுக்கு நேரமில்லை. உங்களுக்கு இருந்தால் கேளுங்கள்.

கடை என்றதும் எனக்கு முதலில் வருவது வாசனைதான். மெஷின் எண்ணெய், இஸ்திரிப் பெட்டியில் கனிகிற கரி, கஞ்சி போகாத புதுத்துணி. எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த லேடீஸ் டெய்லர் கடையில் மெஷின் மிதிப்பதற்கு ஆண்கள் இருந்தார்கள். கைவேலைக்கு நாங்கள் இரண்டு பெண்கள், நானும் சுப்புத்தாயும். கொக்கி கட்டுவது, பட்டனுக்குக் காஜா எடுப்பது, ஓரம் அடிப்பது எங்கள் வேலை. ஒரே தெரு, ஒரே வயது. கடைக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படித்தான். தீபாவளி மழையையும் பருத்தியையும் நம்பிய கடை அது. மழை பெய்த வருஷம் மூச்சு விட நேரமிருக்காது. பெய்யாத வருஷம் பழைய ஜாக்கெட்டைப் பிரித்துவிடுகிற வேலைதான். உடம்பு மட்டும் எந்தப் பஞ்சத்திலும் எப்படியோ பெருத்துவிடுகிறது.

துணி வெட்டுவதற்கு முன் பிரவுன் பேப்பரில் வெட்டிப் பார்ப்பார்கள். மிஞ்சிய துண்டுகளில் சுப்புத்தாய் பென்சிலால் பெண்களை வரைவாள். மூக்கு காகிதத்தில் உரசும் அளவுக்குக் குனிந்துகொண்டு வரைவாள். முகத்தில் ஒன்றும் இருக்காது, ஒரு கோடு, இரண்டு புள்ளி, அவ்வளவுதான். ஜாக்கெட் மட்டும் தையல் உட்பட இருக்கும். ஒருநாள் அண்ணாச்சி கையில் அது அகப்பட்டுவிட்டது. திட்டு விழும் என்று நான் ஊசியோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏட்டி, இது யாரு?"

"யாருமில்ல அண்ணாச்சி. சும்மா."

"இந்தக் கழுத்த வெட்ட முடியுமான்னு பாக்கேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தார். வெட்ட முடிந்தது.

அதிலிருந்து கடைச் சுவரில் அவள் வரைந்த சார்ட்டுகள் தொங்க ஆரம்பித்தன. வாட்டர் கலர் பூசி, வெள்ளைத் தாளில், இடுப்புவரை பெண்கள். அளவு ஜாக்கெட்டோடு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து "எனக்கு அவ போட்டிருக்கது மாதிரி" என்று விரலை நீட்டுவார்கள். அவளென்று யாரும் இல்லை, ஆனாலும் அவளைப் போலத் தைத்துக்கொண்டு போனார்கள். மற்றக் கடைகளில் சட்டமிட்ட சாமி படம், எங்கள் கடையில் ஜாக்கெட் படம் என்று தெருவில் கேலி பேசினார்கள். கேலி பேசியவர்கள் வீட்டுப் பெண்களும் வந்தார்கள்.

சுப்புத்தாய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கொக்கி கட்டுகிற வேலையை விட்டுவிட்டு வரைகிற வேலைக்குப் போக வேண்டும். அப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வரைவதற்கு எதையாவது பார்க்க வேண்டுமே. அங்கேதான் சிக்கல். சுப்புத்தாய்க்குக் கண் தெரியாது. குருடு இல்லை, கிட்டப்பார்வை. முகத்தருகே பிடித்தால் எறும்பின் கால்கூடத் தெரியும், கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் கலங்கல். சினிமாவுக்குப் போனால் திரைக்கு முன்னால் தரை டிக்கெட்டில்தான் உட்காருவோம். அங்கேயும் அவளுக்கு வண்ணங்கள் மட்டும்தான் அசையும். கதாநாயகி என்ன கட்டியிருக்கிறாள் என்று நான் காதில் சொல்லுவேன். பின்னால் இருப்பவர்கள் "வாய மூடுங்கட்டி" என்பார்கள்.

கண்ணாடி போட்டால் போயிற்று என்று நீங்கள் நினைப்பீர்கள். கல்யாணம் ஆகாத பெண் எங்கள் தெருவில் கண்ணாடி போட முடியாது. மூக்கில் கண்ணாடி ஏறியது என்றால் குறையுள்ள பெண் என்று அர்த்தம். அப்புறம் பெண் கேட்டு வருகிறவர்கள் அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். அதனால் சுப்புத்தாயின் கண்ணைப் பற்றி அவள் வீட்டாருக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

கையில் வைத்துப் பார்க்கிற படம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். பழைய பேப்பர் கடையில், தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து எடைக்கு வந்த கட்டுகளில், சில சமயம் வெள்ளைக்காரத் துணிக்கடைப் புத்தகம் அகப்படும். பேப்பர் கடைக்காரர் எங்களைத் தெருவில் கண்டால், "ஏட்டி, வெள்ளக்காரி வந்திருக்கா, வந்து பாத்துட்டுப் போங்க" என்பார். வழவழப்பான தாள். புரட்டினால் மண்ணெண்ணெயும் உப்பும் கலந்த ஒரு வாடை. உள்ளே இருக்கும் பெண்களெல்லாம் குளிருக்குப் போர்த்தியிருப்பார்கள். ஒருத்தி கழுத்தைச் சுற்றி ஆட்டுக்குட்டியையே கட்டிக்கொண்ட மாதிரி மயிர்ப்பட்டி. சுப்புத்தாய் அதை ஆசையாக வரைந்து மாட்டினாள். "அக்கினி நட்சத்திரத்துல இத எவ போடுவா?" என்று அண்ணாச்சி கேட்டார். அவள் யோசித்து, மயிர் இருந்த இடத்தில் வெள்ளை லேஸைச் சுருக்கி வைத்து மறுபடி வரைந்தாள். அந்தப் பங்குனித் தேருக்கு வந்த கூட்டத்தில் அந்தக் கழுத்து அங்கங்கே தெரிந்தது. யாருக்கும் அது ஆட்டுக்குட்டி என்று தெரியாது.

ஆனால் வெள்ளைக்காரி எப்போதாவதுதான் வருவாள். மெட்ராஸ் வண்டி தினமும் வந்தது.

எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளைவிட வராத நாள் அதிகம். ஸ்டேஷனில் எப்போதும் இருக்கும். விடிந்ததும் நாங்கள் குடத்தோடு போய் என்ஜினுக்குத் தண்ணீர் விடுகிற குழாயடியில் வரிசை போடுவோம். ஸ்டேஷன்காரர்கள் சில நாள் விரட்டுவார்கள், சில நாள் பார்க்காத மாதிரி போவார்கள். அந்த நேரத்துக்குத்தான் மெட்ராஸ் வண்டி வந்து நிற்கும். ஒரு குடம் நிறைகிற நேரம் நிற்கும். ஜன்னல் ஜன்னலாகப் பட்டணத்துப் பெண்கள். காப்பிக்குக் கை நீட்டுகிறவர்கள், பிள்ளைக்கு முகம் துடைக்கிறவர்கள், தூக்கம் கலையாமல் கம்பியில் நெற்றியை வைத்திருப்பவர்கள்.

நான் பார்ப்பேன், அவள் வரைவாள். இதுதான் எங்கள் தொழில்முறை. இருவரும் இடுப்பில் குடத்தோடு பெட்டி பெட்டியாக நடப்போம். அவள் கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் சாய்த்துக்கொள்வாள்.

"சொல்லு."

"மயில்கழுத்துக் கலரு. கை முட்டிக்கு மேலயே நிக்குது. நல்லா உப்பி வந்து, கீழ பட்டி வச்சுப் பிடிச்சிருக்கு. பட்டியில ரெண்டு பித்தான். துணி போத்துன பித்தான்."

"சுருக்கு எங்கன எடுக்கு? தோள்லயா, பட்டியிலயா?"

"ரெண்டுலயும். தோள்ல கொஞ்சம், பட்டியில கூட."

"உள்ள காத்து இருக்க மாதிரி இருக்கா, பஞ்சு இருக்க மாதிரி இருக்கா?"

"காத்து. அவ கைய அசைச்சா அது கொஞ்சம் பிந்தி அசையுது."

வண்டி நகர்ந்துவிட்டாலும் எனக்கு வாய் நிற்காது. கடைசிப் பெட்டி போகும்வரை சொல்லிக்கொண்டே நிற்பேன். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் குடத்தை எடுக்கச் சொல்லிக் கத்துவார்கள். வீட்டுக்கு நடக்கும்போதும் சொல்லுவேன். நான் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை என்று சொன்னால் அந்த வரிசையில் யாரும் நம்பமாட்டார்கள். அந்த நேரம் எனக்குப் பசிகூடத் தெரியாது. சந்தோஷம் என்றால் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது தண்ணீர் எடுக்கப் போவது, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் பெண்கள் ராத்திரியெல்லாம் ரயிலில் தூங்கி வருகிறவர்கள். மெட்ராஸ் நாகரிகம் எங்களுக்குக் கசங்கித்தான் வந்து சேர்ந்தது. இது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை. ஒருநாள் ஒருத்தியின் கையில் தோளிலிருந்து முழங்கைவரை குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய மடிப்புகள். நான் மூச்சுவிடாமல் சொன்னேன், அவள் ஒரு மடிப்பு விடாமல் வரைந்தாள். அண்ணாச்சி சார்ட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டி, இது டிசைனா, தூக்கக் கலக்கமா?"

"மெட்ராஸ்ல இப்ப இதுதான் அண்ணாச்சி" என்றாள் சுப்புத்தாய், நேரில் பார்த்தவள் மாதிரி.

துணியை நனைத்து முறுக்கி, கயிறு கட்டிக் காயவைத்து, அந்தக் கசங்கலைக் கொண்டுவந்தார். எட்டயபுரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து அப்படியே நிறையத் தைத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு முறை துவைத்த பிறகும் முறுக்கிக் கட்ட வேண்டும் என்று அண்ணாச்சி அவர்களுக்குப் பாடமே நடத்தினார்.

மதுரைக்காரர் வந்தது அதற்கப்புறம்தான். மதுரையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் கொள்முதல் பார்க்கிறவர், ஏதோ வேலையாகக் கோவில்பட்டிக்கு வந்தவர், பட்டன் அறுந்துபோனதால் கடைக்குள் ஏறினார். பட்டன் தைத்து முடிந்தும் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பண்டிகை நோட்டீசுக்கு உடை போட்ட பெண்களை வரைய ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். "எல்லாம் இடுப்போட நிக்குதே. முழு உருவமா, நிக்கிற மாதிரி சேலை கட்டி வரைஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பிடிச்சா வேலைக்கே வச்சுக்கலாம்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வேலை உலகத்தில் இருந்தது. சுப்புத்தாய் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ரயில் ஜன்னலில் யாருக்கும் கால் கிடையாது. இடுப்புக்குக் கீழே பட்டணத்துப் பெண் எப்படி நிற்பாள் என்று நான் பார்த்ததே இல்லை. "சேலை கீழ வரைக்கும் இருக்கும்லா, பாதம் மட்டுந்தான தெரியும். அத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். வரைந்து முடித்து, அண்ணாச்சி வீட்டு அக்கா துணைக்கு வர, மூன்று பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம்.

மதுரைக்காரர் படங்களை மேஜையில் பரப்பினார். மேலிருந்து கீழே வந்தவர் கீழே வந்ததும் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. "இது யாரு காலும்மா?" என்றார்.

அவள் கால்தான். அவள் பார்த்து வரைந்தது அது ஒன்றுதான். மேலே மயில்கழுத்துப் பட்டு, துணி போத்திய பித்தான், உப்பிய கை. கீழே பாளம் பாளமாக வெடித்த குதிகால், மண்ணைப் பிடித்துக்கொள்ள விரித்த விரல்கள், தேய்ந்த கொலுசுகூட இல்லாத கரிசல்காட்டுப் பாதம். ஈர மண்ணில் நடக்கிறவர்கள் வழுக்காமல் ஊன்றுவார்களே, அந்த மாதிரி அந்தச் சீமாட்டி மதுரைக் கடை நோட்டீசில் ஊன்றி நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் கால் ரொம்ப நன்றாக வரைந்த கால் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி, அது பழகிக்கலாம். இந்தப் பொம்மையைப் பார்த்து வரைங்க" என்று தள்ளி நின்ற ஒரு கடைப் பொம்மையைக் காட்டினார். அதற்குச் சேலை கட்டியிருந்தது. சுப்புத்தாய் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல அவள் காதருகே குனிந்து, "சந்தனக் கலரு, கழுத்து சதுரம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கம்மா. அவங்க வரையட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் தாளைப் பார்த்தாள், பொம்மை இருந்த பக்கம் பார்த்தாள். கடைசியில் எழுந்து போய், பொம்மையின் தோளில் மூக்கு படுகிற மாதிரி நின்றாள்.

"தள்ளி நின்னு பாருங்க. அப்பதான முழுசாத் தெரியும்."

"தள்ளி நின்னாத் தெரியாது சார்" என்றாள் சுப்புத்தாய்.

வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒன்றும் ஏளனம் செய்யவில்லை. "அவ்வளவுதானே? டாக்டர்ட்ட காட்டி ஒரு கண்ணாடி போட்டுட்டு வாங்க. தை பிறந்ததும் சேந்துக்கலாம்" என்றார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு கண்ணாடி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே இருவரும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தோம்.

சுப்புத்தாயின் அப்பா பருத்தி அரவை மில்லில் எடை பார்க்கிறவர். அதிர்ந்து பேசாத மனுஷன். அண்ணாச்சியே போய்க் கேட்டார். வேண்டுமானால் கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்ளட்டும் என்றும் சொல்லிப் பார்த்தார். அதற்கு அவள் அம்மா உள்ளேயிருந்து, "ஒங்க கடைக்கு வாரது யாரு அண்ணாச்சி, பொம்பளைக. சம்பந்தம் பேசுதது யாரு, அதே பொம்பளைகதான" என்றாள். அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு நானும் ஒருநாள் போய் நின்றேன். அவள் அப்பா என்னை உட்காரச் சொன்னார்.

"நீ சொல்லுதது எனக்கு வெளங்காம இல்ல தாயி. அவ வரையுதது எனக்கும் பெருமைதான். ஆனா கண்ணாடியப் போட்டுக்கிட்டு நாலு பேரு பாக்க நடந்தான்னா, பொறவு எவன் வாசலுக்கு வருவான்? மொதல்ல கல்யாணம் முடியட்டும். கட்டுதவன் வாங்கிக் குடுக்கட்டும். அப்ப யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

குளத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கொஞ்சம் நிலம், பக்கத்து உப்பளத்தில் கங்காணி வேலை. சுப்புத்தாய் காப்பித் தட்டோடு யார் மேலும் இடிக்காமல் போய்வர வேண்டும். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று யார் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குப் பக்கத்தில் சொம்பு இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். ஒரு துளி சிந்தாமல் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆளு எப்படிட்டி?" என்றாள்.

"வெள்ளைச் சட்ட. காலரு நீளம். முழுக்கைய மடிச்சு விட்டிருக்காரு. மேல் பித்தான் மட்டும் பச்சை நூல்ல தச்சிருக்கு, முடிச்சு வெளிய தெரியுது."

"மூஞ்சி?"

நான் மூஞ்சியைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. ரயில் ஜன்னலில் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்துக்கு மேலே பார்க்கிற பழக்கமே போயிருந்தது. சுப்புத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் மறுபடி எட்டிப் பார்ப்பதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சிரித்து ஓய்ந்தபின், "பச்சை நூலுன்னா சொன்ன?" என்றாள்.

"ஆமா."

"அப்ப அவரே தச்சிருக்காரு."

"அப்படித்தான் இருக்கும்."

"சரின்னு சொல்லிருதேன்."

"மதுர?" என்று கேட்டேன்.

"கண்ணு வந்த பொறவு போவோம்" என்றாள். அந்தக் கல்யாணத்தை அவள் மதுரைக்குப் போகிற பஸ் மாதிரிதான் நினைத்திருந்தாள்.

பச்சை நூலில் நாங்கள் கணித்தது தப்பவில்லை. நல்ல மனுஷன். கல்யாணமான கொஞ்ச நாளில், பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையிலிருந்து இவளைப் பார்த்துக் கை காட்டியிருக்கிறார். இவள் எவனோ என்று முறைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும், "இதச் சொல்லுததுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, அந்த வாரமே தூத்துக்குடிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரு பேச்சு இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கண்ணாடி வந்தும் மதுரை வேலை கிடைக்கவில்லை, அதற்கு மதுரைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. லேஸ் வாங்க மதுரைக்குப் போன அண்ணாச்சி அந்தக் கடையில் விசாரித்துவிட்டு வந்தார். அவர்கள் இப்போது பெண்களை நிறுத்திவைத்து போட்டோ எடுத்தே நோட்டீஸ் அடிக்கிறார்களாம். வரைய ஆள் வேண்டாமாம். அதைச் சொல்லிவிட்டு அண்ணாச்சி வழக்கத்தைவிட அதிக நேரம் கத்தரியைச் சாணை பிடித்தார்.

நான் கடையிலேயே இருந்தேன். ஸ்டேஷனுக்குத் தண்ணீருக்குப் போனேன். பழக்கத்தில் ஜன்னல்களைப் பார்த்தேன். முதலில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், பிறகு அதுவும் நின்றது. கேட்கிற காது இல்லையென்றால் கை வெறும் கை, கழுத்து வெறும் கழுத்து. எங்கள் அப்பா அந்த வருஷம்தான் இறந்தார். தம்பி சின்னப்பிள்ளை. துட்டிக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் ஜாக்கெட்டின் ஓரத்தையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. பிறகு வரும் என்று நினைத்தேன். அப்படியே விட்டுப்போனது, எனக்குப் பார்த்த ஒன்றிரண்டு சம்பந்தங்கள் விட்டுப்போனது போல.

சுவரில் சுப்புத்தாயின் சார்ட்டுகள் வெளுத்துப்போக, அண்ணாச்சி அச்சடித்த மாடல் புத்தகம் வாங்கிப் போட்டார். இன்றைக்கு அந்தக் கடை இல்லை. என்ஜினுக்குத் தண்ணீர் விட்ட குழாய் இல்லை, அந்தக் குறுகிய தண்டவாளம் இல்லை. பெட்டிகளின் கண்ணாடிக்குள் யார் இருக்கிறார்கள் என்று வெளியே தெரிவதும் இல்லை. இதெல்லாம் போனதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் கிடையாது. போனது என்று நான் நினைப்பது வேறு. அது போன நாள்கூட எனக்குத் தெரியும்.

எண்பதுகளில் ஒரு பங்குனி. தேருக்குச் சுப்புத்தாய் பிள்ளைகளோடு வந்திருந்தாள். தடித்த கண்ணாடி, ஒரு பக்கக் காதுக்கம்பியில் நூல் சுற்றியிருந்தது. விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"வாட்டி, வண்டி பாக்கப் போவோம்."

"நீ இப்ப வரையுதியா?" என்று நடக்கும்போது கேட்டேன்.

"ஒண்ணும் வரைய வரல. கண்ணாடி போட்ட நாள்ல இருந்தே இப்படித்தான். ஒண்ணப் பாத்தா, அதான் அங்கன இருக்கே, பொறவு எதுக்கு அத வரையன்னு இருக்கு. வண்டியப் பாத்தா வரும்னு தோணுச்சு. அதுக்குத்தான் இந்தத் தடவ வந்ததே. தேரு கெடக்கு."

வண்டி வந்து நின்றது. எனக்குப் பழைய ஞாபகத்தில் வாய் திறந்தது.

"சும்மா இரு. எனக்கே தெரியுது" என்றாள்.

முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை அவளே நடந்தாள். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு ஜன்னலிலும் நின்று பார்த்தாள். தூங்கி வழிகிற முகங்கள், எண்ணெய் வடிகிற நெற்றிகள், கசங்கிய கைகள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, புதிதாக ஊருக்கு வந்தவள் வழி கேட்பது போலக் கேட்டாள்.

"இவ்வளவுதானா?"

நான் குடத்தை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீ சொன்னது இதவிட நல்லாருந்துச்சே."

பொய் சொல்லவில்லை நான். பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். முந்தானையில் துடைத்து, மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணைத் தரைக்குத் தாழ்த்தி, காதை என் பக்கம் சாய்த்தாள்.

"இப்ப சொல்லு."

எதிரே ஒரு ஜன்னல். அதில் ஒருத்தி காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தாள். "ரோஸ் கலரு" என்றேன். "முக்கால் கை." அதற்கு மேல் வரவில்லை. அது ரோஸ் கலரில் முக்கால் கை, அவ்வளவுதான். அசைகிறதா என்று பார்த்தேன். காற்றா பஞ்சா என்று பார்த்தேன். வார்த்தைக்காக உள்ளே கையை விட்டுத் துழாவினால் அங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. எனக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். அதுகூட இல்லை. நம் கால் என்று தெரியாத அந்த மரத்த கால்தான்.

"ம்?" என்றாள் சுப்புத்தாய்.

வண்டி ஊதிவிட்டுக் கிளம்பியது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வெறும் காடு தெரிந்தது. பின்னால் குடத்தை எடுக்கச் சொல்லி யாரோ கத்தினார்கள். அவள் கண்ணாடியை மாட்டவில்லை. நான் சொல்லுவேன் என்று தலையைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.